கழுத்து மருவை ஊரில் எடுத்துக்கொண்டேன்

இந்த ஜனவரியில் போய் ஐந்து வாரம் கும்பகோணத்தில் இருந்தேன். பொங்கல், அண்ணன் மகள் நிச்சயதார்த்தம், அப்பா பெயரிலேயே இருக்கும் பட்டாவை மாற்றும் வேலை என்று போனதற்குப் பல காரணம். யாரிடமும் சொல்லாமல் மனதில் வைத்திருந்த வேலை இன்னொன்று, கழுத்தில் இருக்கும் மருக்களை, ஸ்கின் டேக் என்பார்களே அவற்றை, எடுத்துவிட வேண்டும் என்பது.

எனக்கு 59 வயது. லண்டனுக்கு வந்து 30 வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஐம்பதைத் தாண்டியபோது கடுகு அளவில் இரண்டு மூன்று வந்தன, மாதவிடாய் நின்று உடம்பு கொஞ்சம் பருத்த பிறகு கழுத்தைச் சுற்றி, அக்குளில், மார்புக்கு அடியில் என்று பெருகிவிட்டன, ஒன்று மட்டும் காம்பு நீண்டு திராட்சை விதை போலத் தொங்கும், அது சங்கிலியில் மாட்டாத நாளே கிடையாது. குளிர்காலத்தில் கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றும்போது இழுபட்டு ரத்தம் வரும். இங்கே ஜி.பி.யிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், காட்டினேன். ஆபத்தில்லாதது, அழகுக்காக எடுப்பதை என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையில் பொதுவாகச் செய்வதில்லை, வேண்டுமானால் தனியாரிடம் போய்க்கொள்ளுங்கள் என்றார். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, விதி அதுதான். தனியார் கிளினிக்கில் ஐந்து மருவுக்கு 250 பவுண்டு கேட்டார்கள். எனக்கு இருந்தது பதினேழு.

ஊருக்குப் போய் இதைச் செய்துகொள்ளலாமா என்று என் வயதுத் தோழிகள் நிறைய பேர் கேட்கிறார்கள், கேட்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். பல்லுக்கும் கண்ணுக்கும் ஊரில் வைத்தியம் பார்த்த கதையைச் சத்தமாகச் சொல்கிறோம், மருவைப் பற்றி மட்டும் பேச மாட்டோம். அதனால் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

உழவன் எக்ஸ்பிரஸில் விடிகாலை இறங்கி வீட்டுக்குப் போனால், நான் ஸ்கார்ஃபை எடுத்ததுமே அண்ணி பார்த்துவிட்டார். அன்று மதியத்துக்குள் தெருவில் பாதிப் பேர் யோசனை சொல்லிவிட்டார்கள். குதிரை வால் முடியைக் கட்டினால் தானாக விழும். அம்மான் பச்சரிசிச் செடியைக் கிள்ளி அந்தப் பாலைத் தடவு. சுண்ணாம்பையும் துணி சோப்பையும் குழைத்துப் புள்ளி வை. இதெல்லாம் நான் சின்ன வயதிலிருந்து கேட்டவைதான். ஆனால் சுண்ணாம்பு வைத்துக்கொண்ட எதிர்வீட்டு அக்காவின் கழுத்தைப் பார்த்தேன். மரு போயிருக்கிறது, அந்த இடத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் வெந்து வெளுத்துப்போய் இருக்கிறது. சுண்ணாம்புக்கு மரு எது, நல்ல தோல் எது என்று தெரியாது. பிறகு நான் போன தோல் டாக்டரிடம் கேட்டபோது, முடி கட்டுவதில் ஒரு நியாயம் உண்டு, காம்பை இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று மரு காய்ந்து விழும், நாங்களும் சில சமயம் நூலால் கட்டுவோம், ஆனால் சுத்தமில்லாத முடியை வீட்டில் கட்டிச் சீழ் பிடித்து வருகிறவர்களைப் பார்க்கிறோம், அதுவும் சர்க்கரைக்காரர்கள் என்றால் அந்தப் புண் ஆறவே ஆறாது என்றார்.

நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். முதல் வாரமே அண்ணன் மகள் தன் முகத்துக்குப் போகும் அழகு நிலையத்தில், அங்கேயே எடுக்கிறார்கள் என்று எனக்கும் நேரம் வாங்கிவிட்டாள். போனேன். பேனா மாதிரி ஒரு கருவி, ஆன்லைனில் வாங்கியதாம். ஒரே சிட்டிங்கில் எல்லாம் முடித்துவிடலாம் என்றார் அந்தப் பெண். சர்க்கரை இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எத்தனை நாளாக இருக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு மருவைச் சுட்டதும் கண்ணீர் வந்துவிட்டது, மரத்துப்போக எதுவும் தடவவில்லை. அடுத்ததற்குப் போகும்போதுதான் ஊசியைப் பார்த்தேன். எனக்கு முன்னால் இருந்தவருக்கு வைத்த அதே ஊசியா என்று கேட்டேன், ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டோம் என்றார். எழுந்து வந்துவிட்டேன். அந்த இரண்டில் ஒன்று இருந்த இடத்தில் கறுப்புத் தழும்பு இன்னும் இருக்கிறது. நம் நிறத்துத் தோல் சூடு பட்டாலும் கீறல் பட்டாலும் கறுத்துப்போகும், அது மங்க மாதக்கணக்கில் ஆகும். ஆழமாகச் சுடச் சுடக் கறுப்பும் அதிகம். கை அளவு தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை இது.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகத் தேடினேன். போர்டில் பெயருக்குப் பின்னால் டி.வி.எல். அல்லது டி.டி.வி.எல். என்று இருக்கிறதா என்று பாருங்கள், தோல் மருத்துவம் படித்தவர்கள் என்பதற்கு அது ஓர் அடையாளம். ஸ்கின் கேர், காஸ்மெட்டிக், லேசர் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பட்டணத்துக்கு ஓடவும் தேவையில்லை. கும்பகோணம் அளவு ஊரிலேயே இருக்கிறார்கள். பணம் செலவழிக்க முடியாதவர்களுக்கு அரசு மருத்துவமனைத் தோல் பிரிவு இருக்கிறது, எங்கள் சித்தப்பா ஓ.பி. சீட்டு வாங்கி அங்கேதான் எடுத்துக்கொண்டார், இரண்டு நாள் அலைச்சல், செலவு பேருந்துக் கட்டணம் மட்டும்.

நான் போனது ஒரு பெண் டாக்டரிடம். காலையில் போன் செய்து டோக்கன் வாங்க வேண்டும், சாயங்காலம் ஐந்துக்கு மேல் பார்ப்பார். 400 ரூபாய் ஃபீஸ். ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனதும் விளக்கு வைத்த ஒரு கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கழுத்திலும் அக்குளிலும் இருப்பதுதான் மரு, கன்னத்தில் இருக்கும் கறுப்புப் புள்ளிகள் வேறு, முதுகில் ஒட்டவைத்த மெழுகு மாதிரி இருப்பது வயதானால் வரும் இன்னொரு வகை, அதையெல்லாம் இப்போது தொட வேண்டாம் என்றார். ஏதாவது ஒன்று வேகமாக வளர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, இடிபடாமலே ரத்தம் கசிந்தாலோ, அதை எரித்துவிடக்கூடாது, வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். எரித்துவிட்டால் பார்க்க ஒன்றும் மிஞ்சாதே. ரத்தம் இளக்கும் மாத்திரை உண்டா, இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறீர்களா, காது குத்திய இடத்தில் தழும்பு தடித்து வளர்ந்ததா என்று வரிசையாகக் கேட்டார்.

அப்புறம் என் கூந்தலைத் தூக்கிப் பின்கழுத்தைப் பார்த்தார். அங்கே எனக்குத் தோல் கறுத்து, வெல்வெட் மாதிரி தடித்து இருக்கும். எத்தனை வருஷம் அதை எலுமிச்சம்பழத் தோலாலும் கடலை மாவாலும் தேய்த்திருக்கிறேன். பீர்க்கங்கூடு வைத்துப் புண்ணாகும் வரை தேய்த்திருக்கிறேன். “இது அழுக்கு இல்லம்மா, தேய்க்காதீங்க. உங்க உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யல. அது ரத்தத்துல கூடிப்போனா தோல் இப்படித் தடிக்கும், மருவும் கூட வரும். சுகர் எப்போ பார்த்தீங்க?” என்றார்.

எனக்கு அப்படியே உட்கார்ந்துவிட்டது. என் அப்பாவுக்குச் சர்க்கரை, கடைசிக் காலத்தில் கால் விரல் இரண்டை எடுத்தார்கள். அம்மாவின் கழுத்திலும் இதே கறுப்பு, இதே மரு, அதைப் பார்த்துத்தான் இது எங்கள் குடும்பத் தோல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மரு இருப்பவர்களுக்கெல்லாம் சர்க்கரை இருக்கும் என்று அர்த்தமில்லை, தோல் தோலோடு உரசும் இடத்தில் சும்மாவும் வரும், வயதானாலே வரும். ஆனால் நிறைய இருந்தால், கூடவே கழுத்துக் கறுப்பும் இடுப்புச் சதையும் இருந்தால், பார்த்துவிட வேண்டும். பக்கத்து லேபில் மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனை எடுத்தேன், 450 ரூபாய், மறுநாள் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. 6.1. சர்க்கரை நோய் என்று சொல்ல 6.5 வேண்டும், 5.7க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, நான் நடுவில். இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது என்றார் டாக்டர். நம்மவர்களுக்கு உடல் பருமன் கணக்கே வேறு, வெள்ளைக்காரர்களுக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கு எவ்வளவு எடை என்ற கணக்கு) 25க்கு மேல் என்றால் நமக்கு 23லேயே எச்சரிக்கை, இதை என்.எச்.எஸ்.ஸும் சொல்கிறது, நான்தான் 25ஐப் பார்த்து நிம்மதியாக இருந்தேன்.

மரு எடுத்தது அதற்கு இரண்டு நாள் கழித்து. மரத்துப்போகும் கிரீமைத் தடவி மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். உறையைப் பிரித்துப் புது ஊசி, என் கண் முன்னால். ஒவ்வொரு மருவையும் இடுக்கியால் பிடித்து அடியில் மின்சூடு வைத்தார், எறும்பு கடிப்பது போல ஒரு சுருக், முடி கருகும் வாசனை, அவ்வளவுதான். பெரிய மருவுக்கு மட்டும் சின்னதாக ஊசி போட்டுக் கத்தரியால் வெட்டினார். மீதி இருந்த பதினைந்தும் அரை மணி நேரத்தில் முடிந்தது. எல்லாம் சேர்த்து 3,500 ரூபாய், ரசீது கேட்டதும் கொடுத்தார்கள். குறை ஒன்று உண்டு. சிகிச்சை அறைக்குத் திரைதான், கதவு இல்லை, மருந்துக் கம்பெனிப் பையன் பாட்டுக்கு உள்ளே எட்டிப் பார்க்கிறான். மார்புக்கு அடியில் எடுக்கும்போது யாரும் உள்ளே வராமல் நர்ஸை வெளியே நிற்கச் சொன்னேன், உடனே நின்றார்கள். நாம் கேட்க வேண்டியிருக்கிறது. வெட்கப்படாமல் கேளுங்கள்.

ஊர்ப் பயணத்தின் கடைசி வாரத்தில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள். எனக்குப் பொருக்கு உதிர ஒன்பது நாள் ஆனது. அதுவரை சங்கிலி போடக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது, பொருக்கைப் பிய்க்கக்கூடாது, களிம்பு மட்டும். வெயிலில் போனால் கழுத்தை மூடிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கறுத்துவிடும். இரண்டாவது வாரத்தில் எடுத்ததால் கிளம்பும் முன் ஒருமுறை போய்க் காட்ட முடிந்தது.

இனி என் அத்தை. 76 வயது, பக்கத்துத் தெருதான். என் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “வலிச்சுதாடீ?” என்று கேட்டார். அப்புறம் மெதுவாக ரவிக்கையை விலக்கிக் காட்டினார். தோளிலிருந்து காது வரை மரு, ஒரு கண் இமை ஓரத்திலும் ஒன்று. “இது ஒட்டிக்கும்னு சொன்னாங்கடீ, அதான் பிள்ளைங்களைக் கிட்ட சேர்க்கிறதில்ல.” யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்று அவருக்கே நினைவில்லை. ஆனால் பதினைந்து வருஷமாகத் தனித் துண்டு, தனித் தலையணை. பேரப்பிள்ளைகள் ஓடி வந்தால் தலையைத் தடவி நிறுத்திவிடுவார், கழுத்தைக் கட்டிக்கொள்ள விடமாட்டார். அத்தை கறாரானவர் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

“வாங்க அத்தை, நாளைக்குப் போகலாம்” என்றேன். முதலில் வைத்தீஸ்வரன் கோயிலுக்கு உப்பு மிளகு வேண்டியிருக்கிறேன், அதைச் செலுத்தாமல் வரமாட்டேன் என்றார். சரி என்று காரில் கூட்டிப்போனேன். எங்கள் பக்கத்தில் தோலில் எது வந்தாலும் அந்த வேண்டுதல்தான், அம்மாவும் எனக்காகப் போட்டிருக்கிறார். அத்தை உப்பையும் மிளகையும் போட்டுவிட்டுத் தையல்நாயகி சன்னதியில் ரொம்ப நேரம் நின்றார். வரும் வழியில் நேராக கிளினிக்.

டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், “அம்மா, பாலுண்ணி வேற, அது வைரஸ், ஒட்டும். இது வெறும் தோல்தான். யாருக்கும் ஒட்டாது, நீங்க யாரைத் தொட்டாலும் ஒண்ணும் ஆகாது.” அத்தை மறுபடியும் கேட்டார், டாக்டர் மறுபடியும் சொன்னார். அத்தைக்கு நாலு வருஷம் முன்பு ஸ்டென்ட் வைத்தது, ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். மரு எடுக்கப் போகிறோம் என்று அந்த மாத்திரையை நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்திவிடாதீர்கள் என்று டாக்டர் என்னைப் பார்த்து இரண்டு தடவை சொன்னார், இதை இதயநோய் உள்ள பெற்றோரைக் கூட்டிப்போகிற எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். உறுத்துகிற ஆறு மட்டும் எடுத்தார். இமை ஓரத்தில் இருப்பதற்குக் கண் டாக்டரிடம் எழுதிக் கொடுத்தார். மற்றவை இருக்கட்டும் என்று அத்தையே சொல்லிவிட்டார். ஒட்டாது என்று தெரிந்த பிறகு அவருக்கு மருவைப் பற்றிக் கவலை போய்விட்டது.

லண்டன் வந்ததும் ஊர் ரிப்போர்ட்டை ஜி.பி.யிடம் கொடுத்தேன். இங்கேயும் எடுத்துப் பார்த்தார்கள், இந்த ஊர்க் கணக்கில் 43. 42லிருந்து 47 வரை எல்லைக்கோடு, சர்க்கரை வராமல் தடுக்கும் என்.எச்.எஸ். வகுப்பில் பெயர் போட்டிருக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டில் சோற்றைக் குறைத்திருக்கிறேன், தினமும் நடக்கிறேன். இடது அக்குளில் புதிதாக ஒரு மரு தலை காட்டுகிறது, வரும் என்று டாக்டர் முன்பே சொன்னதுதான், அப்படியே விட்டிருக்கிறேன்.

நேற்று அத்தை வீடியோ காலில் வந்தார். மடியில் கொள்ளுப்பேத்தி, இரண்டு வயது. நான் பேசுவது எதுவும் அத்தை காதில் விழவில்லை. குழந்தை அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தது.