பார்க்ரன்: ஓட முடியாத நான் சனிக்கிழமை தவறாமல் போகிறேன்

முழங்கால் வலி. நடக்கலாம், ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் ஆறு மாதமாகச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் பார்க்ரன்னுக்குப் போகிறேன், தொண்டராக. பார்க்ரன் என்பது வாராவாரம் பூங்காவில் நடக்கும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம்; ஓடலாம், நடக்கலாம், கட்டணம் கிடையாது. 2004 அக்டோபரில் லண்டன் புஷி பார்க்கில் 13 பேர் ஓடித் தொடங்கியது இது.

இதற்கு முன் வேறோர் இடத்தில் உணவுப் பொட்டலம் கட்டப் போனேன். "வந்து கூடமாட உதவுங்கள்" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்றுவிட்டுத் திரும்பினேன். நல்ல மனிதர்கள்தான். வருகிறவருக்கு எந்த வேலை என்று மட்டும் யாரும் யோசித்து வைக்கவில்லை. மறுபடி போகவில்லை.

பார்க்ரன்னில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் உண்டு, என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பும் உண்டு. நான் முதலில் எடுத்தது டோக்கன் கொடுக்கும் வேலை. முடிவுக் கோட்டைத் தாண்டி வருகிறவர்களுக்கு, வந்த வரிசைப்படியே, எண் போட்ட டோக்கனைக் கொடுக்க வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் யாருக்கு எந்த நேரம் என்று பதிவாகும்; ஒன்று மாறினால் பின்னால் வருகிற அத்தனை பேரின் நேரமும் தப்பாகிவிடும். அது புரிந்த பிறகு பக்கத்தில் யார் பேச்சுக் கொடுத்தாலும் என் கண் டோக்கனை விட்டு நகரவில்லை.

நேரம் குறிக்கவும், ஓடி முடித்தவர்களின் பார்கோடை ஸ்கேன் செய்யவும் போன் வேண்டும். அது சிரமம் என்பவர்கள் மார்ஷலாகப் போகலாம். பளிச்சென்ற மேற்சட்டை போட்டுக்கொண்டு, திருப்பத்தில் நின்று வழி காட்டி, கைதட்டினால் போதும். குளிருக்கு மட்டும் நன்றாகப் போர்த்திக்கொண்டு போங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது டெயில் வாக்கர். எல்லோருக்கும் பின்னால், கடைசி ஆளாக வர வேண்டும். முன்னே போகிறவர் எவ்வளவு மெதுவாக நடந்தாலும் முந்தக் கூடாது. நம்மைக் கண்டதும், இனி யாரும் வரவில்லை என்று மார்ஷல்கள் இடத்தை விட்டுக் கிளம்புவார்கள்.

போன மாதம் ஒரு அம்மா பாதி வழியில் மூச்சு வாங்க நின்று, "நான்தான் கடைசியா?" என்று கேட்டார். முகம் வாடியிருந்தது.

"இல்லை அம்மா, கடைசி நான்தான். அதுதான் இன்றைக்கு என் வேலை" என்றேன். மெல்லப் பேசிக்கொண்டே இரண்டு பேரும் முடித்தோம்.