பாஸ் மீனுக்குப் பிளாஸ்டிக் புழுவா, கிராங்க்பெய்ட்டா?

பாஸ் மீன் எங்கே நிற்கிறது என்று தெரியாத பரந்த நீரில், தூண்டிலை வேகமாக வீசிச் சுருட்டித் தேடுவதற்கு, சிறு மீன் வடிவிலான கெட்டியான போலி இரையாகிய கிராங்க்பெய்ட்டே ஏற்றது. மீன் வந்து தாக்கும்போது கையே அதிர்வதால் அதன்மீது நம்பிக்கையும் எளிதில் பிறக்கும். ஆனால் அடர்ந்த பாசியில் அதன் மும்முனைத் தூண்டில் முட்கள் சிக்கிக்கொள்ளும்.

டெக்சாஸ் ரிக் முறையில் கோத்த பிளாஸ்டிக் புழுவிலோ முள்முனை புழுவின் உடலுக்குள் மறைந்திருப்பதால், நீர்ச்செடிகளுக்கும் மூழ்கிய மரக்கிளைகளுக்கும் நடுவே அதைத் துணிந்து இறக்கலாம். புழு இறங்கும்போதே பல நேரம் மீன் கவ்விவிடும்: தூண்டில் நரம்பு லேசாகத் துடிக்கும், அல்லது பக்கவாட்டில் நகரும். இந்த அறிகுறி பிடிபடாதவர்களே புழுவை வீணென்று ஒதுக்குகிறார்கள். ஆயினும் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் புழுவையே பரிந்துரைப்பேன். மீன் இருப்பது உறுதியான இடத்துக்கு அதை மட்டும் எடுத்துச் சென்று, பொறுமையாக வீசிப் பழகினால், நரம்பில் கோத்த ஈயக் குண்டு கல்லில் உரசுவதும் மீன் தொடுவதும் விரலுக்கு வேறுவேறாகத் தெரியத் தொடங்கும்.