ஹட்டனிலிருந்து கோத்தகிரிக்கு: 28 வருடமாக விமான டிக்கெட் எடுத்த அனுபவம்

மலையகத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி என் அத்தை குடும்பம் 1970களில் தலைமன்னாரில் கப்பலேறிப் போய் கோத்தகிரியில் குடியேறியது. அப்பா இங்கே இலங்கையிலேயே, பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்திலேயே இருந்துவிட்டார். கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது நாங்கள் அக்கரைக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. 1997இல் அப்பாவோடு முதல் தடவையாகத் திருச்சிக்குப் பறந்தேன். அதற்குப் பிறகு அரசு விமானம், தனியார் விமானம், மலிவு விமானம் எல்லாவற்றிலும் ஏறிவிட்டேன். விமான சேவையை அரசு நடத்துவதா, தனியாரிடம் விடுவதா என்று ஊரில் பேச்சு வரும்போது என்னிடம் கேட்கிறார்கள். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

முதல் பயணத்தின்போது இங்கே எயார் லங்கா, அங்கே இந்தியன் எயார்லைன்ஸ். இரண்டும் அரசாங்கச் சொத்து. ஏஜென்சியில் சொன்ன விலைதான் விலை. சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு முழுவதும் அப்பாவுக்கு அந்த இரண்டு டிக்கெட்டில் போனது. 2004 மார்ச்சில் இந்தியத் தனியார் நிறுவனமான ஜெட் எயார்வேஸ் தன் முதல் வெளிநாட்டுச் சேவையைச் சென்னை–கொழும்புப் பாதையில்தான் தொடங்கியது. பிறகு இண்டிகோ வந்தது. 2022இல் நம் நாட்டுத் தனியார் நிறுவனமான பிட்ஸ்எயாரும் வெளிநாட்டுச் சேவையில் இறங்கியது. இப்போது தோட்டத்தில் உட்கார்ந்தபடியே போனில் மூன்று நான்கு விலைகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். போட்டி வந்ததால் எனக்குக் கிடைத்த நன்மை இது.

ஆனால் மலிவு விலையைப் பார்த்தவுடன் அவசரப்பட வேண்டாம். பெட்டிக்குத் தனிக் காசு, சாப்பாட்டுக்குத் தனிக் காசு. போகும்போது தேயிலை, வரும்போது சேலையும் பாத்திரமும் என்று சுமக்கிற நம்மைப் போன்றவர்கள் கிலோக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சில தடவை விலை கூடிய டிக்கெட்தான் கடைசியில் எனக்கு லாபமாக இருந்திருக்கிறது.

ஒரு பயணத்தை மட்டும் மறக்க முடியவில்லை. மாமாவின் கருமாதிக்குப் புறப்பட்டோம். ஹட்டனிலிருந்து ஐந்து மணிநேரம் வேனில் இறங்கி வந்து, ஒரு மணிநேரப் பறப்புக்காகக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஒன்பது மணிநேரம் உட்கார்ந்திருந்தோம். கவுண்டரில் நின்ற பிள்ளைக்கும் ஒன்றும் தெரியவில்லை. போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை என்னைப் பார்த்து அழுதது இன்னும் நெஞ்சில் நிற்கிறது. சில வருடம் கழித்து வேறொரு கம்பனியிலும் விமானம் ரத்தானது. அன்று அதே பாதையில் இன்னொரு விமானம் இருந்ததால் மூன்று மணிநேரத்தில் மாறி ஏறிவிட்டோம். அன்றிலிருந்து கம்பனி யாருடையது என்று பார்ப்பதற்கு முன், அந்த நாளில் வேறு விமானம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

சரி, அரசு நடத்தினால் என்ன கெட்டுப்போகும்? நம் நாட்டின் கதையையே பார்க்கலாம். 1998இல் துபாயின் எமிரேட்ஸ் விமான நிறுவனம் எயார் லங்காவில் பங்கு வாங்கி, பத்து வருட ஒப்பந்தத்தில் நிர்வாகத்தையும் எடுத்தது. எயார் லங்கா ஸ்ரீலங்கன் ஆனது அதற்குப் பிறகுதான். 2007 டிசம்பரில், லண்டனிலிருந்து திரும்பிய ஜனாதிபதியின் குழுவினருக்காக, டிக்கெட் எடுத்திருந்த பயணிகளை விலக்கி இடம் தர நிறுவனம் மறுத்தது. அதன் தலைமை நிர்வாகி பீட்டர் ஹில்லின் வேலை விசா ரத்தானது. 2008இல் எமிரேட்ஸ் நிர்வாகத்திலிருந்து வெளியேறியது. 2010இல் அதன் பங்கையும் அரசு திரும்ப வாங்கியது. இடையில் 2007இல் மிஹின் லங்கா என்று இன்னொரு அரசு விமானத்தையும் தொடங்கி, 2016இல் ஸ்ரீலங்கனோடு சேர்த்தார்கள்.

2021 மார்ச் முடிவில் ஸ்ரீலங்கனின் மொத்த நட்டம் 372 பில்லியன் ரூபாய் என்று 2022 மே மாதம் பிரதமராக இருந்த ரணில் விக்கிரமசிங்க நாட்டுக்குச் சொன்னார். விமானத்தில் கால் வைக்காத ஏழைகளும் அதைச் சுமக்க வேண்டும் என்றார். அதைக் கேட்ட இரவு நான் கணக்குப் போட்டேன். சுமார் 2 கோடி 20 லட்சம் பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஏறக்குறைய 17,000 ரூபாய். 2021இல் தோட்டத்தில் நாட்கூலி 1000 ரூபாய் ஆனது. அப்படியென்றால் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கிற ஒவ்வொரு அக்காவும் 17 நாள் மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்த காசு அது. வீட்டில் ஐந்து பேர் என்றால் 85 நாள். அவர்களில் பலர் கட்டுநாயக்காவையே பார்த்ததில்லை.

இதனால் எனக்கு அரசுடைமை வேண்டாம் என்றில்லை. 1958இல் பஸ்களை அரசு எடுத்தது. 1979இல் தனியாருக்கும் வழி விட்டது. இன்றும் இருட்டிய பிறகு எங்கள் தோட்டத்துக்கு ஏறி வருவது இ.போ.ச. (அரசின் இலங்கை போக்குவரத்துச் சபை) பஸ் ஒன்றுதான். ஏழெட்டுப் பேர்தான் இருப்பார்கள், நிச்சயம் நட்டம்தான். அந்த நட்டத்துக்கு என் வரிக்காசு போகட்டும், சந்தோஷமாகத் தருகிறேன். 2020 பெப்ரவரியில் கொரோனா நேரத்தில் சீனாவின் வுஹானில் சிக்கிய 33 மாணவர்களைப் போய்க் கூட்டிவந்ததும் ஸ்ரீலங்கன்தான். அதற்கும் தருவேன். மூன்று நான்கு கம்பனிகள் பறக்கிற சென்னைப் பாதையில் என்னைப் போன்றவர்கள் ஏறுகிற டிக்கெட்டுக்கு அந்த அக்காமாரின் காசு ஏன் போக வேண்டும்?

தனியார் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. பாதைக்குப் போட்டி கொண்டுவந்த ஜெட் எயார்வேஸே 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்திவிட்டது. டிக்கெட்டுக்குக் காசு கட்டியிருந்த சனம் தவித்தது.

ரணில் அரசு ஸ்ரீலங்கனின் பங்குகளை விற்க விண்ணப்பம் கேட்டது. பிறகு வந்த அரசு விற்பதில்லை என்று முடிவெடுத்தது. வைத்திருக்கட்டும். ஆனால் கடைசி பஸ்ஸின் கண்டக்டர் எந்த ஓட்டத்துக்கு எவ்வளவு சேர்ந்தது என்று டிப்போவில் ஒப்படைத்துவிட்டுத்தான் படுக்கப் போகிறார். அதே மாதிரி ஒவ்வொரு விமானப் பாதைக்கும் வரவும் நட்டமும் எவ்வளவு என்று வருடா வருடம் தமிழிலும் சிங்களத்திலும் போடட்டும். எங்கள் லயத்து அக்காமார் வாசிக்கிற மாதிரிப் போடட்டும்.