நாலாயிரம் அடி உயரத்தில் ஸ்நோர்க்கலிங்: மஸ்கெலியாவில் ஒரு தொரை பங்களா

வாடகைக்கு எடுத்த பங்களாவின் வசதிப் பட்டியலை முதலில் வாசித்தது என் அண்ணன் மகன்தான். பதினொரு வயது, பிறந்தது கனடாவின் ஸ்கார்பரோவில். வைஃபை, சிம்னி, புல்வெளி, வாகனம் நிறுத்த இடம் என்று வரிசையாகப் பச்சை டிக் போட்டிருந்த இடத்தில் ‘ஸ்நோர்க்கலிங்’ (முகமூடியும் மூச்சுக் குழாயும் மாட்டி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மிதந்து பார்ப்பது) என்பதற்கும் ஒரு டிக். அவ்வளவுதான். கண்ணாடி முகமூடி நாலு, மூச்சுக் குழாய் நாலு, வாத்துக்கால் மாதிரி ரப்பர் செருப்பு இரண்டு சோடி எல்லாம் பெட்டியில் ஏறி, கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி, ஹட்டன் வழியாக இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா வந்து சேர்ந்தன. கடல் மட்டத்துக்கு நாலாயிரம் அடி மேலே, ஒரு பழைய தொரை (தேயிலைத் தோட்டத்து மேலாளர்) பங்களாவுக்கு.

பையன் பழகினது அப்படி. மூன்று வருஷத்துக்கு முன் அண்ணன் குடும்பம் இன்னும் இரண்டு குடும்பத்தோடு காசு சேர்த்து கரீபியன் தீவான பார்படோஸில் ஹோல்டவுன் பக்கம் ஒரு வில்லா எடுத்தது. சமையற்காரம்மாவோடு முழு வீடும் ஒரு வாரத்துக்கு. துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் மேற்குக் கரை, பெரிய அலை அடிக்காத பக்கம். ஒருநாள் கார்லைல் பே போய், 1919இல் மூழ்கிய பெர்வின் என்ற கப்பலுக்கு மேலே மிதந்திருக்கிறார்கள். ஆழம் குறைவு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாலே கப்பல் தெரியுமாம். ஆமை பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுப் போனதாம். அண்ணனுக்குப் பிடித்தது வேறொன்று: வில்லாவுக்கு எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் அந்தத் தீவில் கடற்கரை எல்லாம் பொது. “அங்க கரும்புத் தொரைமாருக்குக்கூடத் தனிக்கரை இல்ல” என்பான்.

அதே மாதிரி முழு வீடும் நமக்கே, ஆனால் ஊரில், அம்மாவோடு, என்பதுதான் 2025 மார்ச் மாதத் திட்டம். பதினொரு பேர், நாலு அறை, இரண்டு இரவு. பங்களாவின் பேரை எழுதப் போவதில்லை. எழுதினால் அங்கே வேலை செய்கிறவர்களுக்குத்தான் முதலில் ஏச்சு விழும்.

வாடகை ஓர் இரவுக்கு 95,000 ரூபா, காலைச் சாப்பாட்டோடு. வேனில் போகும்போதுதான் அம்மா விலையைக் கேட்டார். அவர் முப்பத்து நாலு வருஷம் கொழுந்து எடுத்தவர், அதே தோட்டத்தின் கீழ்ப் பிரிவில்.

“இப்ப ஒரு நாச் சம்பளம் எவ்வளவு?”

“2024 செப்டெம்பர்ல 1,350 ஆக்கினாங்க.”

விரலை மடக்கிக் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். “அப்ப எழுவது பேரு.”

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பேர்தான் ‘பேர்’. செக்ரோலில் (வேலைப் பதிவேட்டில்) பேர் விழுந்தால் அன்றைய சம்பளம் உண்டு. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். “ஒரு ராத்திரி படுக்க எழுவது பேரு” என்று இன்னொரு தரம் சொன்னார். அண்ணி யாழ்ப்பாணம், அவருக்கு விளங்கவில்லை, எழுபது பேர் படுக்கலாமா என்று கேட்டார். வேனே சிரித்தது, அம்மாவைத் தவிர.

ஹட்டனிலிருந்து காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டிக்கொண்டு, நோர்வூட் வழியாக மஸ்கெலியா வரை ரோடு நல்லது. கடைசி மூன்று கிலோமீற்றர் தோட்டத்து ரோடு. படத்தில் அதைக் காட்டியிருக்கமாட்டார்கள். உயரம் குறைந்த காரில் போகாதீர்கள்.

பங்களாவைப் பற்றி நேர்மையாகச் சொன்னால், அழகு. தகரக் கூரை, நீண்ட வராந்தா, சிவப்புப் பொலிஷ் போட்டுப் போட்டுக் கண்ணாடியாகிப்போன தரை. புல்வெளி முடியும் இடத்தில் தேயிலை இறங்கி, அது முடியும் இடத்தில் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துத் தண்ணீர். நாங்கள் எல்லாரும் முன்வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அம்மாவைக் காணவில்லை. தேடிப் போனால் பின்பக்கம், குசினி வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார். சின்ன வயதில் தாத்தாவோடு விறகு கொண்டுவந்து போட்ட வாசல் அதுதான். கால் தானாகப் போய்விட்டது போல.

அங்கே இருந்த சமையற்காரர் அறுபதைத் தாண்டியவர். பழைய தொரைக்கு அப்புவாக, அதாவது பங்களாச் சமையற்காரராக, இருந்தவரிடம் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் படித்தவராம். அண்ணனைப் பார்த்து “சேர், டீ கொண்டுவரவா?” என்று கேட்டார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “என்னா சேரு! அவன் ஆறாம் லயத்துப் பய.” லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. அவர் அம்மாவை உற்றுப் பார்த்தார். பிறகு அப்பன் பேர், பாட்டன் பேர், எந்த லயம், எந்தக் காம்பரா என்று விசாரணை நடந்து, பத்து நிமிஷத்தில் அம்மா அவருக்கு அக்காவாகிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எங்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. நீங்கள் போனால் இந்த வசதி கிடைக்காது, அதனால் இதை மதிப்பெண்ணில் சேர்க்கவில்லை.

அறைகள்: இடது கோடியில் வளைந்த ஜன்னல் வைத்த அறையைக் கேட்டு வாங்குங்கள். படுத்தபடியே தண்ணீர் தெரியும். நாலாவது அறை என்று அவர்கள் கணக்குச் சொல்வது பழைய சாமான் அறை. கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். வெந்நீர் ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர் குளிக்கக் காணும், மூன்றாம் ஆள் கத்திக்கொண்டு வெளியே வருவார். விரிப்பு, துவாய் எல்லாம் படு சுத்தம். வைஃபை வராந்தாவின் கோடிப் பூச்சட்டிக்குப் பக்கத்தில் நின்றால் கிடைக்கும். பிள்ளைகள் முறை வைத்து நின்றார்கள்.

இனி சிம்னி. மார்ச் என்றாலும் இருட்டினதும் குளிர் எலும்புக்குள் போகும். விறகுக்குத் தனிக் காசு, ஒரு கட்டு 2,500. வந்தது பச்சைச் சவுக்கு. பற்றவைத்த கொஞ்ச நேரத்தில் கட்டையின் வெட்டு முகத்தில் நுரை நுரையாகத் தண்ணீர் கொதித்து வழிந்தது. உஸ் என்று சத்தம், நெருப்புக்குப் பதில் புகை. அந்தப் புகையும் மேலே போகாமல் ஹோலுக்குள் திரும்பியது. எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓட, அண்ணன் மகன் மட்டும் ஓடவில்லை. உள்ளே போய் முகமூடியை மாட்டிக்கொண்டு வந்து சிம்னிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். “அத்தை, கண்ணு எரியவே இல்ல!”

சமையற்காரர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். “தம்பி, அதக் கொஞ்சம் குடுங்க.” முகமூடியை மாட்டி, சாரத்தை மடித்துக் கட்டி, தலையைச் சிம்னிக்குள் விட்டு, துருப்பிடித்துப் பாதியில் மாட்டியிருந்த இரும்புத் தகட்டை இரண்டு இழுப்பில் திறந்தார். ஒரு கூடை கரி அவர் மேலேயே கொட்டியது. முகமூடியைக் கழற்றினால் கண்ணைச் சுற்றி மட்டும் மூக்கு வரை வெள்ளையாக, மற்ற இடமெல்லாம் கறுப்பு. பார்படோஸில் வாங்கிய சாமான் முதல் முறையாக ஒரு தொழிலுக்குப் பயன்பட்டது. இந்தத் தகடு எத்தனை மாதமாக அப்படி இருந்தது என்று கேட்டேன். “வர்ற ஆளுக ஒரு ராத்திரிதானே தங்குறாங்க, டீச்சர்” என்றார். சொல்லவேண்டிய இடத்தில் அவர் சொல்லியிருக்கிறார்; கேட்கவேண்டியவர்கள் கேட்கவில்லை.

அன்றிரவு பிள்ளைகளுக்கு வகுப்பு நடந்தது. முகமூடி சரியான அளவா என்று பார்க்கும் விதம்: வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மூச்சை இழுக்க வேண்டும், கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் தண்ணீர் புகாது. கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க உள்ளே எச்சிலைத் தடவிக் கழுவ வேண்டும். என் மகள் முகத்தில் ஒட்டியது. அண்ணனுக்கு மீசை இடைஞ்சல், காற்றுப் போனது. கடைசியில் பையன் தன் அப்பாயியை, அதாவது எங்கள் அம்மாவை, பிடித்து உட்காரவைத்தான். “மூக்குத்தி இடிக்குதுடா” என்று சொன்னாலும், கழற்றாமல் ஐந்து நிமிஷம் அதோடேயே இருந்தார். அந்தப் படம்தான் இப்போது எங்கள் குடும்பக் குழுவுக்கு முகப்பு.

சாப்பாடு. அச்சடித்த மெனுவில் இருப்பது சூப், பொரித்த கோழி, கரமல் புடிங். தலைக்கு 4,500. கெட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் ஹட்டனில் கல்யாணச் சாப்பாட்டில் கிடைக்கிற அதே கோழி. இரண்டாம் நாள் அம்மா குசினிக்குள் போய் என்ன பேசினாரோ, கோதுமை மா ரொட்டியும் கட்டச்சம்பலும் மாசிக் கருவாடு போட்ட பருப்பும் வந்தன. ரொட்டி ஓரம் கருகி, நடுவில் தேங்காய்ப்பூ தட்டுப்பட, கையால் பிய்த்தால் ஆவி பறந்தது. மெனுவில் இதற்கு இடமில்லை. கேட்டால் செய்து தருவார்கள், கேளுங்கள்.

எனக்குக் கோபம் வந்த இடம் தேத்தண்ணி. கூப்பிடு தூரத்தில் தேயிலை ஸ்டோர், அதாவது தொழிற்சாலை. காலையில் வராந்தாவில் நின்றால் இலை வாடும் வாசனை வரும். அறையில் வைத்திருந்தது கொழும்பில் வாங்கின பையடைத்த தூள். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். சமையற்காரர் தன் வீட்டிலிருந்து கொஞ்சம் பீ.ஓ.பி. தரத் தேயிலைத் தூள் கொண்டுவந்து சாயம் ஊற்றின பிறகுதான் முகம் தெளிந்தது. “வெள்ளக்காரன் தேத்தண்ணிக்கு இல இங்கருந்து, சீனி நான் போன தீவு மாதிரி இடத்துலருந்து, ரெண்டு எடத்துலயும் பங்களா ஒரே மாதிரி” என்று அண்ணன் பேசத் தொடங்கினான். குளிரில் யாரும் அதைத் தொடரவிடவில்லை.

இரவில் வெளி விளக்குகளை அணைக்கச் சொல்லுங்கள். டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமியிலிருந்து) மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவகாலம். மலையேறும் படிகளின் விளக்கு வரிசை இருட்டில் அந்தரத்தில் தொங்குகிற மாதிரி தெரியும். வாடகையில் பாதி அதற்கே தகும்.

மறுநாள் காலை தேயிலைக்குள் இறங்கித் தண்ணீருக்குப் போனோம். இதற்குத்தான் பையன் இரண்டு நாளாகக் காத்திருந்தான். மவுஸ்ஸாக்கலை அணை 1969இல் முடிந்தது. தண்ணீர் இங்கிருந்து கனியோன் மின்நிலையத்துக்குப் போகிறது. அணை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா டவுன் அடியில் போனது. வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இருந்த இடங்கள் வெளியே தெரியும். இதை எப்போதோ அவனுக்குச் சொன்னது நான்தான். “பார்படோஸ்ல தண்ணிக்குள்ள கப்பல் பாத்தேன். இங்க கோயில் பாக்கலாம்” என்பது அவன் கணக்கு.

கரையிலேயே காவற்காரர் மறித்துவிட்டார். குளிக்கவே விடமாட்டார்கள், நீந்துவது எங்கே. “ஆள முழுங்கின தண்ணி தம்பி இது.” அவர் செய்தது சரி. அடியில் சேறு, திடீர்ப் பள்ளம், காப்பாற்ற ஒருவரும் இல்லை. பையன் முகம் வாடிப்போனதைப் பார்த்து, கணுக்கால் தண்ணீர் இருந்த இடத்தில் ஒரு கல்லின் மேல் குப்புறப் படுத்து முகத்தை மட்டும் வைத்துப் பார்க்க இடம் கொடுத்தார். முகமூடி, குழாய், எல்லாம் மாட்டிக்கொண்டு வைத்தான். கொஞ்ச நேரம் குழாயிலிருந்து மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. எழுந்தான்.

“ஒண்ணும் தெரியல. ப்ளேன்டீ மாதிரி இருக்கு.”

அம்மா அவனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, வெடித்துக் கிடந்த சேற்றுக்கு அப்பால் கையை நீட்டினார். தண்ணீர் வந்தபோது அவருக்குப் பதினைந்து வயது. “அந்தா அந்தக் கல்லுக்கட்டு தெரியுதுல்ல, அதுக்கு இங்கிட்டுப் புடவைக் கடை. தீவாளிக்கு அங்கதான் துணி எடுப்போம். சாமி வர்றப்ப எங்கப்பா தோள்ல ஏத்திக் காட்டுவாரு.” பையன் முகமூடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, “அப்பாயி, கடைக்காரர் எங்க போனாரு?” என்று கேட்டான். மேலே புது டவுனைக் காட்டினார். அப்படியே முக்கால் மணி நேரம் போனது. அட்டை ஒன்றுதான் கடித்தது, அதுவும் என்னை.

கணக்குத் தீர்க்கும்போது பத்து வீதம் சேவைக் கட்டணம் போட்டிருந்தார்கள். அது குசினிக்குப் போகிறதா என்று சமையற்காரரிடம் தனியாகக் கேட்டேன், சிரித்தார். ஆகவே கொடுக்க நினைப்பதைக் கையில் கொடுங்கள். வருகைப் புத்தகத்தில் எல்லாரும் எழுதினோம். அம்மாவிடம் பேனையைக் கொடுத்தபோது, “இதுல பேரு போட்டா அரைப்பேரா, முழுப்பேரா?” என்று கேட்டார். முழுப்பேர்தான் என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி, முன்னெழுத்தோடு எழுதினார்.

என் மதிப்பு ஐந்துக்கு மூன்றரை. எட்டுப் பேருக்கு மேல் போகாதீர்கள், இரண்டு இரவாவது தங்குங்கள், தேயிலைத் தூளைக் கையோடு கொண்டுபோங்கள். கொழும்பிலிருந்து ஓர் இரவுக்கு என்று ஓடிவந்து ஓடுவதற்கு இந்தக் காசு வீண். ஸ்நோர்க்கலிங்தான் வேண்டுமென்றால் திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக்குப் போய்ப் புறாத்தீவுக்குப் படகு பிடியுங்கள். பவளப்பாறையில் காலை மட்டும் வைக்காதீர்கள்.

பதிவு செய்த இடத்துக்குச் சிம்னித் தகடு, தேத்தண்ணி, அந்தப் பச்சை டிக், மூன்றையும் பற்றி எழுதிப் போட்டேன். நன்றி சொல்லிப் பதில் வந்தது. போன கிழமை பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஸ்நோர்க்கலிங்கை எடுத்துவிட்டார்கள். அதற்குக் கீழே இருந்த ‘ஆழ்கடல் மீன்பிடி’ இன்னும் அப்படியே இருக்கிறது.