கல்வெட்டா, செப்பேடா?

சோழர் காலத்தைப் பற்றிக் கட்டுரை எழுத உட்காருகிறீர்களா? எதை ஆதாரமாக எடுப்பது என்றால், என் ஓட்டு கல்வெட்டுக்குத்தான். உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டைப் பாருங்கள். குடவோலையில், அதாவது ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கக் குடத்தில் இடும் ஓலைச்சீட்டில், பெயர் எழுத கால்வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது வேண்டும். வாரியத்தில் (ஊர்ச்சபைக் குழுவில்) இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை! ஊர் நடப்பு அப்படியே கண்முன் வருகிறது.

செப்புத் தகட்டில் பொறித்த செப்பேடு வேறு ரகம். ஆனைமங்கலச் செப்பேட்டின் 21 ஏடுகளில் 5 வடமொழி. சோழர் குலத்தைப் புராணத்திலிருந்து தொடங்கிப் புகழ்கின்றன. அதைக் கொஞ்சம் சலித்துத்தான் எடுக்க வேண்டும். மீதி 16 தமிழ் ஏடுகள்தான் சரக்கு: நாகப்பட்டினம் சூளாமணி விகாரை என்ற பௌத்தப் பள்ளிக்கு விட்ட ஊரின் எல்லைகள். ஆனால் ஒன்று, கல்வெட்டுக்கும் குறை உண்டு: கோயில் திருப்பணியில் கல் இடம் மாறினால் வாசகம் பாதியில் அறுந்துவிடும். செப்பேடோ வளையத்தில் கோத்து முத்திரையிட்டது, ஏடு எளிதில் சிதறாது.