லேப்டாப் கீ மக்கர் செய்தால்: துடைப்பதா, ரீமேப் செய்வதா, கீபோர்டையே மாற்றுவதா?

லேப்டாப்பில் ஒரு கீ சரியாக வேலை செய்யவில்லை என்றால் நமக்கு நான்கு வழிகள் உண்டு. சுத்தம் செய்யலாம். அதன் வேலையை வேறொரு கீக்கு மாற்றி ரீமேப் செய்யலாம். யுஎஸ்பி கீபோர்டு ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். இல்லையென்றால் கீபோர்டையே மாற்றலாம். பெரும்பாலோர் செலவை வைத்துத்தான் இவற்றை ஒப்பிடுகிறார்கள். கோளாறு எந்த வகை என்பதை வைத்து ஒப்பிடுவதுதான் சரி என்பேன். அழுத்தியும் எழுத்து வராத கீக்கும், அழுத்தாமலே எழுத்தைக் கொட்டுகிற கீக்கும் வைத்தியம் வேறு வேறு.

அதற்கும் முன்னால், கோளாறு கீபோர்டில்தானா என்று பார்த்துவிடுங்கள். விண்டோஸில் வலப்பக்க ஷிஃப்டை 8 விநாடி அழுத்திப் பிடித்தால் ஃபில்டர் கீஸ் வசதியை இயக்கலாமா என்று கேட்கும். தெரியாமல் சம்மதித்துவிட்டால் வேகமாகத் தட்டும் எழுத்துகள் எல்லாம் விழாமல் போகும். சிறிய லேப்டாப்புகள் சிலவற்றில் எண்களுக்கான நம் லாக் (Num Lock) விழுந்திருந்தால் யு, ஐ, ஓ அடிக்கும்போது 4, 5, 6 வரும். இரண்டும் இல்லையா? விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், அங்கே பயன்படுகிற கீ என்றால் அழுத்திப் பாருங்கள். அங்கே ஒழுங்காக இயங்கினால் சிக்கல் மென்பொருளில். ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே வேண்டாம்.

சுத்தம் செய்வதைத்தான் முதலில் முயல வேண்டும். ஆனால் அது எல்லாவற்றையும் தீர்க்காது. துகள் சிக்கிய கீ, பாதி அழுந்தி நிற்கிற கீ, இனிப்பு பானம் பட்டு ஒட்டிக்கொண்ட கீ ஆகியவற்றுக்குப் பலன் கிடைக்கும். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, சாய்த்துப் பிடித்துக் காற்றுக் குப்பியால் ஊதுங்கள். ஆப்பிள் தன் மேக்புக்குகளுக்கு 75 டிகிரி சாய்வைப் பரிந்துரைக்கிறது. பிசுபிசுப்பு இருந்தால் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் லேசாகத் தொட்டுத் துடைக்கலாம். நேராக ஊற்றக் கூடாது. கீ மூடியைக் கழற்றும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். அடியில் உள்ள கத்தரி வடிவப் பிளாஸ்டிக் சட்டம் சட்டென்று உடையும். ஸ்பேஸ், என்டர், ஷிஃப்ட் போன்ற நீளமான கீகளுக்கு அடியில் பெரும்பாலும் கம்பி ஒன்றும் இருக்கும். அதைத் திரும்ப மாட்டுவதற்குள் பொறுமை போய்விடும்.

சுத்தம் எங்கே உதவாது என்பதற்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு. கீபோர்டின் மின்தடங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. ஒரு தடத்தைப் பல கீகள் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் நாலைந்து கீகள் ஒரே நேரத்தில் செத்தால் ஒரு தடம் அறுந்திருக்கலாம், அல்லது கீபோர்டை லேப்டாப்போடு இணைக்கும் தட்டையான ரிப்பன் கேபிள் தளர்ந்திருக்கலாம். எவ்வளவு துடைத்தாலும் பயன் இல்லை.

ஒரே ஒரு கீ போய்விட்டது என்றால் ரீமேப்தான் எனக்குப் பிடித்த வழி. பைசா செலவில்லை. அதிகம் தொடாத கேப்ஸ் லாக்கையோ வலப்பக்க கன்ட்ரோலையோ அந்த வேலைக்கு அமர்த்தலாம். விண்டோஸில் பவர்டாய்ஸ், ஷார்ப்கீஸ் என்ற இலவச மென்பொருள்கள் இரண்டுமே இதைச் செய்யும். பவர்டாய்ஸில் மாற்றுவது சுலபம், ஆனால் அது பின்னணியில் ஓடினால்தான் பலிக்கும். லாகின் திரையில் கைகொடுக்காது. ஷார்ப்கீஸ் விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியிலேயே எழுதிவிடுவதால், ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தபின் லாகின் திரையிலும் செல்லும். பாஸ்வேர்டில் வரும் எழுத்து செத்திருந்தால் ஷார்ப்கீஸ்தான் உங்களுக்கானது. விண்டோஸ் தொடங்கும் முன் கேட்கும் பயாஸ் பாஸ்வேர்டுக்கு இரண்டுமே உதவாது. தமிழ்99-இல் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொன்று: எஃப் கீதான் புள்ளி. அது போனால் அவசரத்துக்கு ஒப்பேற்றுவது போதாது. கை எளிதில் எட்டும் கேப்ஸ் லாக்கை அதற்குக் கொடுத்துவிடுங்கள்.

வெளிக் கீபோர்டு மேசையோடு இருப்பவர்களுக்குப் போதும், பயணத்துக்குச் சுமை. அதன் முக்கியமான குறை வேறு. உள்ளே ஒரு கீ தானாக அழுந்திக்கொண்டே இருந்தால், யுஎஸ்பியில் எதைச் செருகினாலும் அந்த எழுத்து ஓடிக்கொண்டுதான் இருக்கும். அப்போது ஷார்ப்கீஸில் அந்தக் கீயை அணைத்துவிட்டு வெளிக் கீபோர்டைப் பயன்படுத்தலாம்; ஆனால் வெளிக் கீபோர்டிலும் அதே கீ அணைந்துவிடும், அதன் வேலையை வேறொரு கீக்குக் கொடுக்க வேண்டிவரும். உள் கீபோர்டின் ரிப்பனைக் கழற்றுவது இன்னும் உறுதியான வழி. ஆனால் பவர் பட்டன் கீபோர்டிலேயே இருக்கும் மாடல் என்றால், கழற்றியபின் லேப்டாப்பை இயக்கவே முடியாமல் போகலாம்.

கீபோர்டை மாற்றுவதுதான் முழுத் தீர்வு. வலி எவ்வளவு என்பதை மாடல்தான் முடிவு செய்கிறது. சிலவற்றில் சில ஸ்க்ரூக்களைக் கழற்றினால் கீபோர்டு தனியாக வந்துவிடும். பலவற்றில் அது மேல்மூடியோடு பிளாஸ்டிக் ஆணிகளால் உருக்கி ஒட்டப்பட்டிருக்கும்; மூடியோடு சேர்த்து வாங்கினால்தான் வேலை நேர்த்தியாக முடியும். பணம் கொடுக்கும் முன் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைத் தேடிப் படியுங்கள். உற்பத்தியாளரே பொறுப்பேற்கும் நிலையும் உண்டு: பட்டர்ஃபிளை என்ற மெல்லிய வகைக் கீபோர்டு கொண்ட மேக்புக்குகளுக்கு 2018 ஜூனில் ஆப்பிள் இலவசப் பழுதுத் திட்டம் அறிவித்தது, லேப்டாப் முதன்முதலில் விற்கப்பட்ட நாளிலிருந்து 4 ஆண்டு வரை அது செல்லுபடியானது; இப்போது அந்தக் காலம் முடிந்துவிட்டது.

கடைசியாக ஒன்று. கீபோர்டின் நடுப்பகுதி மேடாகி, டச்பேடும் தூக்கிக்கொண்டு, கீகள் சிக்கினால் அடியில் பேட்டரி வீங்கியிருக்கக்கூடும். அந்த லேப்டாப்புக்கு இந்த நான்கு வழிகளில் எதுவும் பொருந்தாது. உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜில் போடாதீர்கள், வீங்கிய இடத்தை அழுத்திப் பார்க்காதீர்கள். முதலில் பேட்டரியை விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றுங்கள்.