கொழிஞ்சாம்பாறையில் எட்டு வாரம்: அக்காவின் மார்பக அறுவைச் சிகிச்சை

அக்காவின் வலது மார்பில் கட்டி என்று, நான் இருக்கும் இங்கிலாந்தின் பர்மிங்காமுக்கு மாமா போன் செய்தது வைகாசியில். கொச்சியில் இறங்கி நான் வீடு வந்து சேர்ந்தபோது, கட்டியிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியின் முடிவும் வந்திருந்தது. புற்றுநோய்தான், 1.8 செ.மீ. அக்காவுக்கு வயது 54. இரண்டு கறவை மாடு, ஒன்றரை ஏக்கர் நிலக்கடலைக் காடு, ஓயாத கை. கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில் இருக்கும் எங்கள் பக்கத்தில் வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம், பெரிய நோய் என்றால் வேலந்தாவளம் எல்லை தாண்டிக் கோயம்புத்தூர்.

முதலில் போன மருத்துவமனையில் ஐந்து நிமிடத்தில் முடிவு சொன்னார்கள். மார்பகத்தை முழுதாக எடுத்துவிடலாம். கதிர்வீச்சுக்கு அலைய வேண்டியிருக்காது. இந்த வயதுக்கு மேல் மார்பகம் எதற்கு? கடைசிச் சொல்லை டாக்டர் அன்பாகத்தான் சொன்னார். அக்கா தலையாட்டினாள். வெளியே வந்து, குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று, "எதற்கு என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், கண்ணு" என்றாள். எனக்குக் கை நடுங்கியது. ஒப்புதல் படிவம் முழுக்க ஆங்கிலம். தமிழும் மலையாளமும் சரளமாக வாசிக்கிறவள் அவள்.

அலைச்சலை மிச்சப்படுத்த முழுதாக எடுத்துவிடுவது தவறு என்று நான் சொல்லவில்லை. தினமும் பஸ் ஏற முடியாத பெண்ணுக்கு அது நியாயமான முடிவு. ஆனால் அதை அவள்தான் எடுக்க வேண்டும், இன்னொரு வழி இருப்பதைத் தெரிந்துகொண்டு. இத்தாலியின் மிலானில் உம்பெர்த்தோ வெரோனேசி என்ற அறுவை மருத்துவர் 1973இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். 2 செ.மீ.க்கு மிகாத கட்டி உள்ள 701 பெண்கள் அதில் இருந்தார்கள். பாதிப் பேருக்கு மார்பகம் முழுதும் எடுக்கப்பட்டது. மீதிப் பேருக்குக் கட்டி இருந்த பகுதியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அவர்களைச் சுமார் இருபது ஆண்டு தொடர்ந்து கவனித்து, 2002இல் வெளியிட்ட முடிவில், உயிர் பிழைத்திருந்தவர்களின் அளவு இரு குழுவிலும் ஒன்றுதான். அதே மார்பில் நோய் திரும்புவது மட்டும், பகுதியை மட்டும் எடுத்த குழுவில் சற்றுக் கூடுதல். இவ்வளவையும் அன்று இரவு திண்ணையில் உட்கார்ந்து அக்காவுக்கும் மாமாவுக்கும் சொன்னேன். மாமா ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்படியானால் எடுத்த இடத்தில் விழும் பள்ளம்?"

சரியான கேள்வி. மார்பகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் பள்ளம் விழும், காம்பு ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். சிறிய மார்பகத்தில் கட்டியோடு சுற்றியுள்ள நல்ல சதையும் கொஞ்சம் போகும்போது அந்தப் பங்கு எளிதில் வந்துவிடும். அக்காவின் நிலை அதுதான்.

இரண்டாவது மருத்துவமனையில் பார்த்த பெண் டாக்டர் முதலில் கேட்டது, "என்ன வேலை செய்கிறீர்கள்?" பால் கறப்பேன், கடலை பிடுங்குவேன் என்றாள் அக்கா. டாக்டர் குறித்துக்கொண்டார். பள்ளத்தை உடலின் சொந்தச் சதையாலேயே நிரப்பலாம், அதற்கு இரண்டு இடம் உண்டு என்றார். ஒன்று, முதுகின் அகன்ற தசை. நிறைய நிரப்பலாம், ஆனால் இழுத்துப் பிடுங்குகிற வேலைக்கு உதவும் தசை அது. மற்றது, அக்குளுக்குக் கீழே விலாப்பக்கம் மடிந்து கிடக்கும் தோலும் கொழுப்பும். விலா எலும்புகளுக்கு நடுவிலிருந்து வரும் சிறிய ரத்தக் குழாய் அதற்கு ஊட்டம் தருகிறது. அந்தக் குழாயை அறுக்காமல், வேர் அறாமல் செடியைச் சாய்ப்பதுபோல் அந்தச் சதையை முன்னால் திருப்பிப் பள்ளத்தில் வைப்பார்கள். தசையைத் தொடுவதில்லை. மாட்டுக்காரிக்கு இதுதான் என்று அவரே சிரித்துச் சொன்னபோது அக்காவின் முகத்தில் ஒரு மாதத்தில் முதல் தெளிச்சி.

டாக்டர் அழுத்திச் சொன்ன இன்னொன்று நேரம். கதிர்வீச்சுக்கு முன்னால், கட்டியை எடுக்கும் அதே அறுவையில் நிரப்புவது எளிது. கதிர்வீச்சு பட்ட சதை இறுகிவிடும். பிறகு சரிசெய்வது கடினம், புண் ஆறவும் தாமதமாகும். முதல் மருத்துவமனை சொல்லாமல் விட்டது இதைத்தான். அதனால்தான் எழுதுகிறேன்: ஊரில் அம்மாவுக்கோ அக்காவுக்கோ இந்த நோய் என்று தெரிந்தால், கத்தி வைப்பதற்கு முன்பே இதைக் கேளுங்கள்.

அறுவைக்கு முந்தைய நாள் அக்காவை நிற்கவைத்துப் பேனாவால் கோடு போட்டார்கள். பேனா போன்றே இருந்த ஒரு கருவியை விலாவில் வைத்து அந்த ரத்தக் குழாயைத் தேடினார்கள். உஷ், உஷ் என்று அக்காவின் ரத்தம் ஓடும் ஓசை அறை முழுக்கக் கேட்டது. அறுவையின் நடுவிலேயே வெட்டிய விளிம்புகளைப் பரிசோதித்து, நோய் மிச்சமில்லை என்று தெரிந்த பிறகுதான் நிரப்பினார்கள். கட்டி இருந்த இடத்தைக் கதிர்வீச்சுக்கு அடையாளம் காட்டச் சிறிய உலோகக் கிளிப்புகளும் வைத்தார்கள். நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டிய அக்குள் நெறிக்கட்டியைக் கண்டுபிடிக்கச் செலுத்திய நீலச் சாயம் மறுநாள் சிறுநீரில் வந்ததும் அக்கா பயந்துவிட்டாள். முன்பே சொல்லியிருந்தார்களாம், எங்கள் காதில் ஏறவில்லை.

காகித விஷயத்தில் பட்ட பாடு தனி. இரண்டாவது மருத்துவமனைக்குப் போக அறிக்கை மட்டும் போதாது. பயாப்ஸியில் எடுத்த சதையை வைத்த கண்ணாடி ஸ்லைடும், அது பதிந்த மெழுகு பிளாக்கும் வேண்டும். முதல் இடத்தில் அதற்கு மூன்று முறை அலைந்தோம். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடு கேரள ரேஷன் அட்டைக்குப் பொருந்தாது. கேரளத்தின் காருண்யா மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது, ஆனால் அக்காவின் குடும்பம் அதன் பயனாளிகள் பட்டியலில் இல்லை. கைக்காசில்தான் கட்டினோம். எல்லையில் இருப்பவர்கள் இதை முதல் நாளே விசாரித்துவிட வேண்டும்.

பர்மிங்காமில் மார்பகப் புற்றுநோய்க்கென்றே பயிற்சி பெற்ற செவிலியர் உண்டு. சந்தேகம் வந்தால் அவருக்குப் போன் செய்யலாம். இங்கே அந்த வேலையை நான் செய்தேன். விலாவில் செருகிய குழாயிலிருந்து வடியும் நீரைத் தினமும் அளந்து எழுதினேன். நிரப்பிய கொழுப்பில் ஒரு பகுதி பின்னால் கெட்டிப்பட்டுக் கட்டிபோல் தோன்றலாம், உடனே பயப்படாமல் வந்து காட்டுங்கள் என்று டாக்டர் சொன்னதை நோட்டில் பெரிய எழுத்தில் எழுதிவைத்தேன்.

கீமோ தேவைப்படவில்லை. கதிர்வீச்சு 15 நாள், வாரத்துக்கு ஐந்து, பிறகு கிளிப் இருக்கும் இடத்துக்கு மட்டும் இன்னும் சில நாள். அந்த மேஜையில் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்க வேண்டும். அதற்காக அக்கா தினமும் காலையில் மாட்டுக்கொட்டகைச் சுவரில் விரல்களை மெல்ல மேலே நகர்த்தி, எட்டிய இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டாள். முதல் கோடு அவள் தோளுக்கும் கீழே. நான் கிளம்பிய அன்று அது கொட்டகையின் விட்டத்துக்கு நான்கு விரல் கீழே இருந்தது.